பாட்டிலுக்குக் குழுக் கடன் வேண்டாம்: மயிலாடும்பாறை மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கடமலை-மயிலாடும்பாறை ஒன்றியத்து மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருக்கும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் மதினிமாருக்கும்,

மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு, குமணன்தொழு, தங்கம்மாள்புரம், வாலிப்பாறை என்று மூல வைகைக் கரையோரம் இருக்கும் ஊர்களின் குழுக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் இந்தப் பக்கத்துக்காரி. கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது ஊருக்குள் எங்கே பேச்சு எழுந்தாலும் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்ற சொல் வந்து நிற்கிறது. பழச்சாறு பாட்டில், பொடி டப்பா, மாத்திரை என்று பல உருவில் விற்கிறார்கள். சர்க்கரை இறங்கும், புற்றுநோய் அண்டாது, முகத்தில் வயது தெரியாது என்று வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார்கள். வாங்கியவரையே விற்கவும் சொல்கிறார்கள். முதல் போட்டு உறுப்பினராகச் சேர்ந்தால் மாதாமாதம் வருமானம் வரும் என்கிறார்கள். குழுக் கடனை எடுத்து இதில் போடலாமா என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள்.

வேண்டாம் என்பதே என் பதில். ஆன்டிஆக்சிடன்ட் என்று ஒன்று உண்டு. அது நம் உடம்பைக் காப்பதும் உண்மை. அது எங்கிருந்து வருகிறது, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்தப் பணத்தை எங்கே போட வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்வீர்கள். அதற்காகத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நாம் இழுக்கும் மூச்சில் இருக்கும் ஆக்சிஜன், உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் போகிறது. அங்கே மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் அந்த ஆக்சிஜனை வைத்துச் சோற்றையும் கொழுப்பையும் எரித்துச் சக்தி எடுக்கின்றன. அடுப்பு எரியும்போது பொறி தெறிப்பதைப் போல, இந்த வேலையிலும் சிறு சிறு கசிவுகள் உண்டு. முழுதாக எரியாமல், எலக்ட்ரான் ஒன்று கூடியோ குறைந்தோ நிற்கும் ஆக்சிஜன் துணுக்குகள் வெளியே வருகின்றன. இவற்றைத்தான் ஃப்ரீ ரேடிக்கல் என்கிறார்கள். பக்கத்தில் எது இருந்தாலும் அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கித் தன்னைச் சரிசெய்துகொள்ளப் பார்ப்பது அவற்றின் குணம். பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். இப்படியே சங்கிலியாகப் போகும்.

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. திறந்து வைத்த கடலெண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கிறதே, அங்கே நடப்பதும் செல் சவ்வில் நடப்பதும் ஒரே வேதியியல்தான். சவ்வு மட்டுமல்ல, புரதமும் மரபணுவும்கூட இதில் அடிபடும். 1954-இல் ரெபேக்கா கெர்ஷ்மன், டேனியல் கில்பர்ட் என்ற ஆய்வாளர்கள், அளவு மீறிய ஆக்சிஜன் செய்யும் சேதமும் எக்ஸ்-ரே கதிர் செய்யும் சேதமும் ஒரே வழியில் நடக்கின்றன என்று காட்டினார்கள். 1956-இல் டென்ஹம் ஹார்மன், நாம் மூப்படைவதற்கே இந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போவதுதான் காரணம் என்று ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். இன்று மூப்புக்கு வேறு பல காரணங்களும் தெரியவந்துவிட்டன. ஆனால் அன்று பிறந்த அந்த ஒரு கருத்தை வைத்துத்தான் இத்தனை பாட்டில்களும் விற்கப்படுகின்றன.

பாட்டில்காரர்கள் சொல்லாத பகுதி இனிமேல்தான் வருகிறது. இந்தச் சேதத்தைத் தடுக்கும் முதல் காவல் நம் உடம்பிலேயே, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உருவாகிறது. 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியின் வேலையைக் கண்டுபிடித்தார்கள். மூர்க்கமான ஆக்சிஜன் துணுக்கை அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அடுத்து கேட்டலேஸ் என்ற நொதியும், குளூட்டாதயோனைத் துணைக்கு வைத்திருக்கும் இன்னொரு நொதியும் அதை வெறும் தண்ணீராக்கி விடுகின்றன. ஒரு துணுக்கை அடக்கிவிட்டு இவை ஓய்ந்து போவதில்லை. மறுபடி மறுபடி, நொடிக்கு நொடி அதே வேலையைச் செய்கின்றன. எந்த மாத்திரையாலும் இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது.

இந்த நொதிகளைச் செய்ய உடம்புக்குப் புரதம் வேண்டும். செம்பு, துத்தநாகம், மாங்கனீஸ், செலினியம், இரும்பு ஆகிய தாதுக்கள் துளித்துளி வேண்டும். அதனால் ஆன்டிஆக்சிடன்ட் வேண்டுமென்று நினைப்பவர் முதலில் பருப்பும் முட்டையும் கேப்பையும் நிலக்கடலையும் வயிறாரச் சாப்பிட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் ரசமும் சோறும் மட்டும் சாப்பிட்டு எழுந்திருக்கும் பெண்ணின் செல்களில் காவல் எப்படிப் பலமாக இருக்கும்? உங்களிடம் இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்கிறேன்.

உணவிலிருந்து நேராக வரும் காவலர்களும் உண்டு. வைட்டமின் ஈ செல் சவ்வுக்குள் உட்கார்ந்துகொண்டு, சங்கிலியாகப் பரவும் சேதத்துக்குத் தன் எலக்ட்ரானைக் கொடுத்து அங்கேயே நிறுத்துகிறது. கொடுத்து இளைத்த வைட்டமின் ஈ-யை வைட்டமின் சி பழையபடி ஆக்குகிறது. கீரைகளின் பீட்டா கரோட்டின், பழத்தோலின் நிறம், துவர்ப்பு, கசப்பு என்று இன்னும் பல பொருள்கள் இந்த வேலையில் சேர்கின்றன. செடிகளின் காரமும் கசப்புமான சில பொருள்கள், செல்லைச் சீண்டி அதன் சொந்தக் காவல் நொதிகளையே கூடுதலாக உற்பத்தி செய்ய வைக்கின்றன என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது.

தாக்குதல் கூடிக் காவல் குறைந்துபோகும் நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். 1985-இல் ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மன் உயிர்வேதியியலாளர் அதை இரண்டுக்கும் நடுவே உள்ள சமநிலை குலைவதாக வரையறுத்தார். சமநிலை என்பதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ ரேடிக்கலை அடியோடு ஒழித்தால் நாம் பிழைக்கமாட்டோம். கிருமி உள்ளே புகுந்தால், நம் வெள்ளையணுக்கள் இதே ஆக்சிஜன் துணுக்குகளைக் கக்கித்தான் அதைக் கொல்கின்றன. நடந்தாலும் மண்வெட்டி பிடித்தாலும் தசையில் இவை கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலை அடையாளமாக வைத்துத்தான் உடம்பு தன்னைத் தேற்றிக்கொள்கிறது. 2009-இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை அதிக அளவில் கொடுத்தார்கள். மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது. போட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

மாத்திரையை மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்தபோது நடந்ததையும் கேளுங்கள். கீரையும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்பது முன்பே தெரியும். அப்படியானால் அதிலுள்ள பீட்டா கரோட்டினை மட்டும் மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று பின்லாந்தில் 29,133 ஆண்களிடம் சோதித்தார்கள். எல்லோரும் சிகரெட் பிடிப்பவர்கள். 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் அது 28 சதவீதம் கூடியது. சாவும் கூடியதால் 1996 ஜனவரியில் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். பிறகு ஏறத்தாழ 3 லட்சம் பேர் கலந்துகொண்ட 78 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் ஆயுளைக் கூட்டவில்லை, பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் சாவைச் சற்றுக் கூட்டுவதாகவே தெரிகிறது என்று அது சொன்னது.

மாத்திரை பயன்பட்ட இடமும் உண்டு. வயதானவர்களுக்கு விழித்திரையின் மையம் தேயும் நோய் ஓர் அளவுக்கு வந்துவிட்டால், குறிப்பிட்ட சில வைட்டமின்களும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை அது முற்றுவதைக் குறைக்கிறது என்று 2001-இல் நிரூபித்தார்கள். அது கண் டாக்டர் பார்த்து எழுதித்தர வேண்டியது. அதுபோலவே, அங்கன்வாடியில் குழந்தைக்குக் கொடுக்கும் வைட்டமின் ஏ சொட்டையும், கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையையும் யாரும் நிறுத்திவிடாதீர்கள். அவை குறைபாட்டை நிரப்பத் தரப்படுபவை. குறை இல்லாதவர் அளவுக்கு மேல் விழுங்குவதைப் பற்றித்தான் நான் எச்சரிக்கிறேன்.

இப்போது நம் மண்ணுக்கு வாருங்கள். வருசாந்திர முருங்கையில் பேர்பெற்ற பி.கே.எம்-1 ரகம் நம் மாவட்டத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. தமிழக அரசு அறிவித்த முருங்கை ஏற்றுமதி மண்டலத்தில் தேனி மாவட்டமும் இருக்கிறது. காயை லாரியில் ஏற்றி அனுப்புகிறோம், கீரையை ஆட்டுக்குப் போடுகிறோம். அந்தக் கீரையில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் சி-யும் இரும்பும் செறிந்து கிடக்கின்றன. பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். அதனால் நல்லெண்ணெயோ தேங்காயோ சேர்த்துப் பிரட்டிச் சாப்பிடுங்கள். வைட்டமின் சி சூட்டிலும் தண்ணீரிலும் போய்விடும். கீரையை அலசிவிட்டு உருவுங்கள், குறைந்த தண்ணீரில் சீக்கிரம் வேகவையுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. முருங்கைக்கீரையின் இரும்பு உடம்பில் ஒட்ட வேண்டுமானால் அதோடு வைட்டமின் சி இருக்க வேண்டும். சாப்பிடும்போது ஒரு நெல்லித் துண்டோ, எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதன் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

பெரிய நெல்லியில் 100 கிராமுக்குச் சுமார் 250 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்திருக்கிறது. நடுத்தரமான ஒரு நெல்லிக்காயே அன்றைய தேவைக்குக் காணும். கொய்யாவும் அதற்குக் கிட்டத்தட்டச் சமம். நம் பக்கம் கொட்டை முந்திரித் தோப்புகளில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். அந்தப் பழத்தில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. தொண்டை கரகரக்கும் என்று ஒதுக்கினால், சிறிது உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சாப்பிடலாம். இறக்குமதிப் பழச்சாற்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் ஊரில் இது அழுகிப்போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கருநீலத் தோலில் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. துவர்ப்பான நற்பொருள்கள் தோலிலும் கொட்டையிலும்தான் அதிகம். தோலைத் துப்பாமல் சாப்பிடுங்கள். கொடிக்கு மயில்துத்தமும் வேறு மருந்துகளும் அடிப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒரு சிறு கையளவோடு நிறுத்துங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை, பழத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்லதைச் சேர்ப்பது பாதி வேலைதான். தாக்குதலைக் குறைப்பது மறு பாதி. ஏழைக் குடும்பத்துக்கு அதில்தான் பலன் அதிகம், செலவும் இல்லை.

முதலில் வெற்றிலைப் பையைப் பற்றிச் சொல்கிறேன். வயதான அம்மாக்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. கொட்டைப்பாக்கில் இருக்கும் துவர்ப்புப் பொருள் டீயில் இருக்கும் துவர்ப்பின் இனத்தைச் சேர்ந்தது. ஆன்டிஆக்சிடன்ட் பட்டியலில் வைக்கக்கூடியது. ஆனால் அதோடு சுண்ணாம்பைத் தடவி மெல்லும்போது, சுண்ணாம்பின் காரத்தில் அதே பொருள் தலைகீழாக மாறி, வாய்க்குள் ஃப்ரீ ரேடிக்கல்களை உண்டாக்குகிறது. கன்னத்தில் அடக்கி வைக்கும் போயிலை அதற்குமேல் தன் விஷத்தைச் சேர்க்கிறது. பாக்கு சேர்ந்த வெற்றிலை, போயிலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது. வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க முடியாமல் இறுக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்தது புகை. பீடி, சிகரெட்டின் ஒவ்வொரு இழுப்பிலும் கணக்கிலடங்காத ரேடிக்கல்கள் உள்ளே போகின்றன. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. வீட்டுக்காரரை வெளியே போய்ப் பிடிக்கச் சொல்வதற்கு யாரும் தயங்க வேண்டாம். விறகடுப்புப் புகையும் அதே வேலையைச் செய்கிறது. கேஸ் அடுப்பு இருந்தும் வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் விறகு எரிப்பவர்கள், அதையாவது திறந்தவெளிக்கு மாற்றுங்கள்.

எண்ணெயும் அப்படித்தான். முறுக்கு, வடை, மிக்சர் போட்டு விற்கும் குழுக்கள் கவனியுங்கள். மறுபடி மறுபடி காய்ச்சிக் கறுத்த எண்ணெய் முற்றிலும் ஆக்சிஜனேறிக் கெட்டுப்போனது. ஒரே எண்ணெயை மூன்று முறைக்குமேல் பொரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை அறிவுறுத்துகிறது. மீந்த எண்ணெயைப் புது எண்ணெயில் கலந்து சரிக்கட்டாதீர்கள்.

பிறகு தோட்டத்து மருந்து. பாராகுவாட் என்ற களைக்கொல்லி செடியைக் கொல்லும் விதமே ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான். செல்லுக்குள் புகுந்து, ஆக்சிஜன் துணுக்குகளை ஓயாமல் உற்பத்தி செய்யும். மனித உடம்புக்குள் போனாலும் அதையே செய்கிறது. நுரையீரலைத் தேடிப்போய்ச் சேர்ந்து அதைத் தழும்பாக்கி விடுகிறது. அந்த நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுத்தால் சேதம் கூடும் என்பதால், டாக்டர்கள் ஆக்சிஜன் வைப்பதற்கே தயங்க வேண்டியிருக்கும். வைட்டமின் சி, ஈ என்று ஆன்டிஆக்சிடன்ட்களை ஊசியாகவும் மருந்தாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றுவரை நிரூபணமான மாற்று மருந்து கிடையாது. தாக்குதல் கரைபுரண்டு வந்தால், எந்த ஆன்டிஆக்சிடன்டாலும் தடுக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இலங்கை இதைத் தடைசெய்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளமும் 2011-இல் தடை விதித்தது. இங்கே இதை வீட்டுக்குள் வைக்காதீர்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். முதுகில் ஒழுகும் தெளிப்பானோடு, கைகாலில் புண்ணோடு யாரையும் மருந்தடிக்க விடாதீர்கள். தவறி வாயில் போனால், ஒரு நொடியும் தாமதிக்காமல் 108-ஐ அழைத்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள்.

கடைசியாகச் சர்க்கரை நோய். 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் மைட்டோகாண்ட்ரியாவின் கசிவும் ஏறும். கண், சிறுநீரகம், பாத நரம்பு கெடுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்தக் கெடுதலைக் குறைக்கும் என்று பெரிய சோதனைகளில் உறுதியானது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான். 1993-இல் அமெரிக்காவிலும் 1998-இல் பிரிட்டனிலும் வெளிவந்த முடிவுகள் அதைக் காட்டின. அப்படியிருக்க, ஜூஸ் குடித்தால் மாத்திரையை நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் கண்ணையும் காலையும் விலை பேசுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். அதை ஒருநாளும் விடாமல் போடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சத்துப்பொருள் டப்பாவில் மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நேரடி விற்பனைக்கு 2021-இல் வந்த விதிகளின்படி, உறுப்பினராகச் சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, ஆள் சேர்த்தால் பணம் என்னும் சங்கிலி வியாபாரமும் கூடாது. வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்.

குழுவுக்கு ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். அடுத்த கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் நான்கு வரி எழுதுங்கள். ஆன்டிஆக்சிடன்ட் பாட்டிலுக்கும் பொடிக்கும் குழுக் கடன் கிடையாது. உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு முருங்கையும் ஒரு கொய்யாவோ நெல்லியோ நட வேண்டும். போயிலையை விட நினைப்பவருக்குக் குழு துணை நிற்கும். சர்க்கரையும் பிரஷரும் பார்க்காத உறுப்பினர் ஒருவரும் இருக்கக் கூடாது. தொழிலுக்குக் கடன் வேண்டுமென்றால், நிழலில் காயவைத்த முருங்கைக்கீரைப் பொடியும் நெல்லி வற்றலும் முந்திரிப்பழச் சாறும் நீங்களே செய்யலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, நோய் தீரும் என்று பொய் சொல்லாமல் விற்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்குப் போய் யோசனை கேளுங்கள். ஊருக்கு வெளியே போகவிருந்த பணம் அப்போது உங்கள் குழுவின் கணக்கில் சேரும், சத்து உங்கள் பிள்ளைகளின் உடம்பில் சேரும்.

அன்புடன்,
உங்கள் சகோதரி,
உயிர்வேதியியல் ஆசிரியை (ஓய்வு)